ஓர் ஈட்டுக்கு எத்தனை பக்கம்?

அவளை முதல்முதலாகச் சந்தித்த அன்று, அவள் கையிலிருந்த போன் கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன். மாடம்பாக்கத்தில் எங்கள் தெருமுனையில் இருந்த இட்லிக் கடையில், மனைவியின் முழங்கையைப் பிடித்தபடி பார்சலுக்காக நின்றிருந்தேன். உள்ளேயிருந்து காய்ந்த எண்ணெயில் கடுகு வெடிப்பது போல ஒரு சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. குரல் மாதிரியும் இருந்தது, குரல் இல்லாத மாதிரியும் இருந்தது.

"அக்கா, உள்ள ஏதோ ரிப்பேர் ஆயிருக்கு போல" என்றேன் கடைக்கார அம்மாவிடம்.

"ரிப்பேர் இல்ல சார், நாவல்" என்று உள்ளேயிருந்து ஓர் இளம்பெண்ணின் குரல் பதில் சொன்னது. "கதாநாயகி இப்பதான் பெட்டியோட வீட்டை விட்டுக் கிளம்புறா. கொஞ்சம் இருங்க, அவ பஸ் ஏறட்டும்."

கதாநாயகி பஸ் ஏறிய பிறகு சத்தம் நின்றது. அந்தப் பெண் வெளியே வந்து, "உங்களுக்கும் பார்வை இல்லையா சார்?" என்று கேட்டாள். என் மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் கை இறுகியதில் தெரிந்தது. அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் நேராகக் கேட்டதில்லை. எல்லோரும் மனைவியிடம்தான் கேட்பார்கள், நான் பக்கத்தில் நிற்கும்போதே.

"எப்படித் தெரிஞ்சுது?" என்றேன்.

"கேட்டுட்டுத்தானே பேசினீங்க. பார்க்குறவங்க எட்டிப் பார்த்துட்டுப் பேசுவாங்க. நான் பொறந்ததுலேர்ந்து. நீங்க?"

எனக்குப் பார்வை போய் அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. கண் அழுத்த நோய் ஓரங்களிலிருந்து அரித்துக்கொண்டே வந்து, கடைசியில் நடுவையும் எடுத்துக்கொண்டது. என் தொழிலோ படிப்பது. ஒரு பதிப்பகத்துக்கு வரும் நாவல்களை முதலில் படித்து, போடலாம், வேண்டாம், இந்த இடத்தை வெட்டச் சொல்லுங்கள் என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். எழுதுகிறவனுக்குக் கண் போனால், வாயால் சொல்லி ஆள் வைத்து எழுதலாம். படிக்கிறவனுக்குக் கண் போனால் அவனை யார் வைத்துக்கொள்வார்கள்? முதலாளி தங்கமான மனிதர். "நல்...லா ரெஸ்ட்... எடுங்க சார்" என்று ஒவ்வொரு சொல்லாக இழுத்து, குழந்தைக்கு மருந்து புகட்டுவது போலப் பேசினார். அவர் அப்படி இழுத்ததிலேயே என் நாற்காலி ஆட்டம் கண்டுவிட்டது என்று எனக்குப் புரிந்தது. ஒரு நாவலை மட்டும் போனுக்கு அனுப்பியிருந்தார். புத்தகக் காட்சிக்கு முன்னால் முடித்தால் சரி, முடியாவிட்டால் வேறொருவர் பார்த்துக்கொள்வார் என்றும் சொல்லியிருந்தார்.

மனைவி ஆபீஸ் முடிந்து வந்து அதை எனக்கு வாசித்துக் காட்டுவாள். இரண்டாம் பக்கத்தில் அவள் குரல் தூங்கிப்போகும். எழுப்ப மனம் வராது. நாவலில் யாரோ ஒருவர் கதவைத் தட்டிவிட்டு நாலு நாளாக வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

இந்தப் பெண்ணின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், என்னைக் கேட்காமல் எப்படிப் போட்டீர்கள் என்று போனில் பிடித்துக்கொள்வாள், அதுவும் எனக்கே பாதிதான் விளங்கும் வேகத்தில். அவளும் அவள் அம்மாவும் இப்போது ஹைதராபாத்தில் இருக்கிறார்கள். கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். நான் இரண்டு வாரமாக முக்கி முக்கி எழுதுகிற இதை, அவள் டீ ஆறுவதற்குள் கேட்டு முடித்துவிட்டு ஒரு குறையும் சொல்லிவிடுவாள்.

கடை என்று பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டின் முன்னறை, ஒரு ஷட்டர், இரண்டு அடுப்பு. பெண்ணுக்கு ரேடியல் ரோட்டில் ஒரு கம்பெனியில் வேலை. போனில் வருகிற செயலிகள் பார்வையில்லாதவர்களிடம் ஒழுங்காகப் பேசுகின்றனவா என்று சோதித்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் வீட்டிலிருந்தே செய்வாள். மாலையானால் இட்லிப் பானைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். அம்மா முன்னால் வடை போட்டுக்கொண்டும் பார்சல் கட்டிக்கொண்டும் இருக்க, பானைக்கு இவள்தான் காது. மூடி ஓரத்தில் ஆவி சீறுகிற விதத்தை வைத்தே வெந்துவிட்டதைச் சொல்லிவிடுவாள். "அம்மா, ஈடு!" என்று ஒரு குரல் கொடுத்தால் அம்மா வந்து தட்டுகளை எடுத்துவிட்டு அடுத்த ஈடு மாவை ஊற்றுவார். பானையின் அடியில் தண்ணீரோடு ஒரு காசு கிடக்கும். தண்ணீர் கொதிக்கிற வரை அது கடகடவென்று ஆடிக்கொண்டிருக்கும். ஆட்டம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். அந்தக் காசு நிற்கும்வரை அவள் விட்டதே கிடையாது என்று அம்மா பெருமையாகச் சொல்வார்.

"என் பொண்ணு காதுல போட்டு வெச்சிட்டா பேங்குல போட்டு வெச்ச மாதிரி சார்."

அவள் போனில் கடுகாக வெடித்தது, திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கிற ஸ்க்ரீன் ரீடர், பல மடங்கு வேகத்தில். அது என் போனிலும் இருந்தது. மகன் போட்டுக் கொடுத்திருந்தான். அந்த இயந்திரக் குரல் எனக்குப் பிடிக்கவே இல்லை. கோபமும் தெரியாது, கொஞ்சலும் தெரியாது. சாவுச் செய்தியையும் சாம்பார்ப் பொடி விளம்பரத்தையும் ஒரே மாதிரி படிக்கும். அடுத்த முறை இட்லி வாங்கப் போனபோது இதை அவளிடம் குறையாகச் சொன்னேன்.

"அது நடிக்கக் கூடாது சார். அதுவே அழுது சிரிச்சு படிச்சிட்டா உங்களுக்கு என்ன வேலை? எங்க, ஒரு ஈடு படிச்சுக் காட்டுங்க."

ஒரு ஈடு என்பதுதான் அவள் அளவு. நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று உலகமே அளக்கிறது. அவளுக்கு அது பிடிக்காது. வார்த்தையை எண்ணுவதற்கா படிக்கிறோம் என்பாள். மாவு ஊற்றி மூடியதும் படிக்கத் தொடங்க வேண்டும், "ஈடு!" என்றதும் நிறுத்த வேண்டும். எத்தனை பக்கம் என்று பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பாள்:

"இதுல யாரு பொய் சொன்னாங்க?"

எந்தக் கதையானாலும் அதே கேள்விதான். ஒரு அத்தியாயத்தில் நாலு பேர் பேசினால் அதில் ஒருவராவது பொய் சொல்லாமல் இருக்க மாட்டார், அதைப் பிடிக்காதவன் படிக்கவே இல்லை என்பது அவள் கட்சி. இருபது வருடம் நாவல்களைப் படித்துச் சம்பளம் வாங்கிய எனக்கு அப்படி ஒரு கேள்வி தோன்றியதில்லை. இன்றைக்கும் ஒரு புது நாவலை எடுத்தால் என் மனம் முதலில் அதைத்தான் தேடுகிறது.

பதிப்பகத்து நாவலைத் தொடாமல், போனில் கிடந்த ஒரு பழைய கதையைத் திறந்தேன். முதல் ஈட்டில் நான் மூன்று பக்கம்கூடத் தாண்டவில்லை. போனின் வேகம் குறைவு என்பது ஒரு காரணம். அதைவிட, ஒவ்வொரு வரியையும் விரலால் பின்னால் தள்ளி இரண்டாம் முறை கேட்டேன். பொய் சொன்னது யார் என்று தெரியவில்லை.

"நான் எப்பவுமே மெதுவா ருசிச்சுப் படிக்கிறவன்மா" என்றேன், கொஞ்சம் கெத்தாகவே.

"ருசிக்கிறது வேற சார், வாயில அடக்கி வெச்சிருக்கிறது வேற. உங்களுக்கு ஒரு வரி முடியுறதுக்குள்ள அதோட ஆரம்பம் மறந்துபோகுது. அதான் பின்னாடி போறீங்க. போகக் கூடாது. கையைக் கட்டுங்க."

கட்டினேன். நாற்பத்தேழு வயதில், ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு இட்லிப் பானைக்கு எதிரில் உட்கார்ந்தேன். பார்சல் வாங்க வந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ, நல்லவேளை, எனக்குத் தெரியாது. கையைக் கட்டியதும் தப்பிப்போன வரி தப்பிப்போனதுதான். முதலில் பதறியது. இரண்டு மூன்று நாளில், தப்பிப்போனதாக நினைத்த வரிகளில் பாதி எங்கேயும் போகாமல் உள்ளேயே உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

பொய்யைப் பிடித்தால் வேகத்தை ஒரு படி ஏற்றுவாள். பிடிக்காவிட்டால் அதே வேகத்தில் இன்னொரு ஈடு. ஏற்றிய வேகத்தை எக்காரணம் கொண்டும் இறக்க மாட்டாள். தலைவலி, ஜலதோஷம், பவர்கட், எதுவும் செல்லாது. ஒருநாள் நான் கெஞ்சியே பார்த்தேன்.

"இறக்குறதுக்கு ஊர்ல நிறைய பேர் இருக்காங்க சார். நான் எதுக்கு?" என்றாள்.

அந்தப் பதிலின் முழு அர்த்தம் பல்லாவரம் சந்தையில்தான் எனக்கு விளங்கியது. வெள்ளிக்கிழமை அங்கே உடைந்த கம்ப்யூட்டரிலிருந்து ஒற்றைச் செருப்பு வரை கிடைக்கும். எனக்கு ஒரு பழைய கீபோர்டு வாங்கப் போனோம். அவள் கோலைத் தட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள், நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால். கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் உரத்த குரலில் ஆரம்பித்தார்.

"பாத்து... வா...ம்மா... கீழ... ஒயரு... கீது. இன்னா... வோணும்... உனுக்கு?"

"அண்ணா, ஏன் பேட்டரி இறங்கின மாதிரி பேசுறீங்க? கண்ணுதான் தெரியாது, காது ரெண்டும் பர்ஸ்ட் கிளாஸ். கீபோர்டு இருக்கா, எல்லா பட்டனும் அமுங்குமா, கடைசி விலை என்ன, வேகமா சொல்லுங்க."

அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அப்புறம் பேசினார் பாருங்கள், சந்தைக்காரரின் அசல் வேகத்தில், நடுவில் எங்களை ஏமாற்றவும் ஒரு முயற்சி செய்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பார்வை போன பிறகு முதல்முறையாக ஒருவர் என்னை ஏமாற்றப் பார்க்கிறார்! டாக்டர், பேங்க் மேனேஜர், என் சொந்த அண்ணன், எல்லோரும் எனக்காகக் குரலை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அது பிறந்த நாளிலிருந்தே நடந்திருக்கிறது. யாரும் தனக்காக இறங்கி வரக் கூடாது என்று அவள் வைத்திருந்த வீம்புதான் போனில் அவ்வளவு வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

மெல்ல மெல்ல என் போனும் கடுகு வெடிக்க ஆரம்பித்தது. தாம்பரம் போகிற ஷேர் ஆட்டோவில் ஒருநாள் இயர்போனை மறந்துபோய், போனைக் காதோரம் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். டிரைவருக்குப் பொறுக்கவில்லை.

"சார், போன் புட்டுகிச்சா? ஒரே பேஜாரா சவுண்டு வுடுது."

"புட்டுக்கலப்பா. கதை கேட்டுக்கிட்டு வரேன்."

"கதையா? இது இன்னா பாஷை?"

"தமிழ்தான்."

டிரைவர் ஹாரனை ஒரு தட்டுத் தட்டினார். பிறகு பக்கத்திலிருந்த அம்மா ஒருவர், "பாவம்" என்று மெதுவாகச் சொன்னார். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

ஆனாலும் நாவல் நகரவில்லை. மற்ற கதைகளை ஓட்டிவிட்ட எனக்கு, அந்த ஒரு நாவலைத் திறக்கப் பயம். யார் பொய் சொன்னார் என்று என்னால் கண்டுபிடிக்க முடிந்தது. ஆனால் எதுவும் என்னைத் தொடவில்லை. ஒரு நாவல் நன்றாக இருக்கிறதா என்று முன்பெல்லாம் என் உடம்பு சொல்லும். பக்கத்தைத் திருப்பும்போது கழுத்தின் பின்னால் ஏதோ செய்யும். இப்போது தகவல் வந்தது, படிப்பு வரவில்லை. அது திரும்பாவிட்டால் முதலாளி என்னை வைத்துக்கொண்டும் பயனில்லை, எனக்கும் நான் பயனில்லை. ஒரு மாலை அவள் வேகத்தை இன்னொரு படி ஏற்றியபோது எனக்கு அத்தனையும் பொங்கிக்கொண்டு வந்துவிட்டது.

"எனக்குப் பக்கம்னு ஒண்ணு இருந்துச்சும்மா. ஓரத்துல பென்சிலால கோடு போடுவேன். பிடிச்ச வரிக்குத் திரும்பிப் போவேன். இது என்ன, குழாயைத் திறந்து விட்ட மாதிரி கொட்டுது!"

பானைக்குள் காசு ஆடிக்கொண்டிருந்தது.

"எனக்கு அந்தப் பக்கம் தெரியாது சார். எனக்குக் கிடைச்சது இந்தக் குழாய்தான். அதான் நல்லா திறந்து வெச்சிருக்கேன்."

நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த நாள் போகவில்லை, அதற்கடுத்த நாளும் போகவில்லை. அவளும் கூப்பிடவில்லை. அந்த வாரக் கடைசியில் மனைவி இட்லியோடு கடைக்கார அம்மாவின் செய்தியையும் வாங்கிவந்தாள். அம்மாவின் குரலையே அப்படியே பிடித்துச் சொன்னாள்: "என் பொண்ணு யாரையும் வா வான்னு கூப்புடாது. ஆனா சார் குந்துற ஸ்டூல மட்டும் அங்கயே போட்டு வெச்சிகினு கீது. நடக்கச் சொல்லோ நாந்தான் தடுக்கி தடுக்கி வுழுறேன். வந்து குந்தச் சொல்லு, இல்ல ஸ்டூல எடுக்கச் சொல்லு."

அன்று மாலையே போனேன். ஸ்டூல் அங்கேதான் இருந்தது. அவள் வாங்க என்றும் சொல்லவில்லை, ஏன் வரவில்லை என்றும் கேட்கவில்லை. "அந்த நாவலைத் திறங்க" என்றாள். "ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் கேட்கிறேன்."

அம்மா மாவு ஊற்றி மூடினார். கையைக் கட்டிக்கொண்டேன். நாலு நாள் வாசலில் நின்று, பிறகு நாலு மாதமாகவும் நின்ற அந்த ஆள் ஒருவழியாக உள்ளே வந்தார். பெண் பார்க்க வந்திருக்கும் மாப்பிள்ளையின் அப்பா. வந்ததும் வராததுமாக, "எங்க குடும்பத்துல மூணு தலைமுறையா காபியைத் தொட்டதில்லை" என்று பீற்றிக்கொண்டார். பெண் வீட்டார் திகைத்துப்போய், கொண்டுவந்த டம்ளரை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு மோர் எடுக்க ஓடினார்கள். குரல் அதே உணர்ச்சியில்லாத வேகத்தில் கொட்டிக்கொண்டே போனது. அப்போது கதையில் கரண்ட் போனது. கூடம் இருட்டாயிற்று. எல்லோரும் எல்லோரையும் அசையாமல் உட்காரச் சொன்னார்கள். கரண்ட் வந்தபோது மேஜையில் டம்ளர் காலியாக இருந்தது. சம்பந்தியின் வெள்ளை மீசை மட்டும் பழுப்பாக இருந்தது.

நான் வெடித்துச் சிரித்தேன். அதே நொடியில், ஒரு அரைச் சொல் முன்னும் இல்லை பின்னும் இல்லை, எதிரில் அவளும் வெடித்துச் சிரித்தாள். பார்சலுக்கு நின்றிருந்தவர்களுக்குக் கேட்டதெல்லாம் கடுகு வெடிக்கிற சத்தமும் காரணமில்லாத இரண்டு சிரிப்பும்தான். எனக்குக் கழுத்தின் பின்னால் அது செய்தது. பார்வை போன அன்றுகூட அழாதவன், சிரித்துக்கொண்டே அழுதேன். அவள் போனின் குரலை நிறுத்தவில்லை. மீசையைத் துடைக்க ஒருவர் துண்டு நீட்டினார், அதை அவர் வாங்க மறுத்தார், அதற்கும் சிரித்தோம், அப்புறம் கல்யாணப் பேச்சு நின்றது, பெண் மொட்டைமாடிக்குப் போனாள், நாங்களும் கூடவே போனோம்.

அம்மா கத்திக்கொண்டு ஓடிவந்தபோதுதான் தீய்ந்த வாடை என் மூக்குக்கு எட்டியது.

"அடிப்பாவி, காசு நின்னு எவ்ளோ நேரம் ஆவுது! பானை அடி புடிச்சிப் பூட்ச்சே! எத்தினி ஈடுடீ வுட்ட?"

"எண்ணலம்மா" என்றாள் அவள், இன்னும் சிரிப்பு அடங்காமல்.

எத்தனை பக்கம் போயிருந்தது என்று நானும் பார்க்கவில்லை. யார் பொய் சொன்னது என்று அவளும் கேட்கவில்லை. அன்றைய வேகம் எங்கள் இருவருக்குமே தெரியாது. அம்மா கருகிய இட்லிகளைத் தட்டோடு எங்கள் முன் வைத்து, ரெண்டு பேரும் இதையே தின்னுங்க என்றார். தின்றோம். அவளுக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனைச் சொல்ல நான் எத்தனையோ வார்த்தை தேடியிருக்கிறேன். அந்தக் கருகல் ருசியைத் தாண்டி எதுவும் அகப்படவில்லை.

இரண்டு நாளில் நாவலை முடித்தேன். மூன்றாம் நாள் காலை முதலாளியைக் கூப்பிட்டேன். "சொல்...லுங்க சார்... உடம்பு... எப்...படி இருக்கு?" என்று இழுத்தார். நான் ஆரம்பித்தேன். போடலாம், கண்டிப்பாகப் போடலாம், சம்பந்தி வருகிற அத்தியாயத்தில் ஒரு சொல்லைத் தொட வேண்டாம், மொட்டைமாடிக் காட்சி இரண்டு பக்கம் அதிகம், கடைசியில் பெண்ணின் அக்கா சொல்கிற பொய்யை எழுதியவரே கவனிக்கவில்லை, அதைக் கவனிக்கச் சொன்னால் புத்தகம் இன்னும் ஒரு படி ஏறும்.

"சார், சார்" என்று நடுவில் புகுந்தார் அவர். "ஒரு நிமிஷம், பேனா எடுத்துக்கிறேன். என்னால பிடிக்க முடியல. கொஞ்சம் மெதுவா சொல்லுங்க."

நான் இறக்கவில்லை.